நைனாவின் காதுக்கு ஒரு மிக்ஸிங்

நான் வேலை பார்த்த ரெக்கார்டிங் அறைக்கு வந்தவர்களில் ஒருவர்கூட "எக்கோவைக் கொஞ்சம் குறைம்மா" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆடி மாதத்து அம்மன் பாட்டு, கல்யாண வீடியோவுக்கு வரவேற்புரை, தேர்தல் வந்தால் ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற பிரச்சாரம், எதுவானாலும் முடித்துப் போட்டுக் காட்டியதும் வருகிற முதல் வார்த்தை "எக்கோ பத்தலியேம்மா" என்பதுதான். கோயில் மண்டபத்துக்குள்ளிருந்து சாமியே பேசுவதுபோல் கேட்டால்தான் அதை ரெக்கார்டிங் என்று ஒப்புக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் கேட்டதை வைத்துக் கொடுத்தேன், அதற்குத்தான் சம்பளம்.

அந்த அறை செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. கேசட் ஓய்ந்து சி.டி. வந்துவிட்ட சமயம். முதலாளி கீபோர்டு வாசிப்பவர், கச்சேரி கச்சேரியாக ஊர் சுற்றிக்கொண்டிருப்பார். பாடுபவர்களைப் பதிவு செய்வது, மிக்ஸிங் செய்வது, மாமல்லபுரத்துக் கடற்கரை ஹோட்டல்களுக்குப் புல்லாங்குழலோடு அலைச் சத்தத்தைச் சேர்த்துக் கொடுப்பது, எல்லாம் என் தலையில். மிக்ஸர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்ஜினியர் சார் எப்ப வருவாரு?" என்று என்னிடமே கேட்பவர்கள் உண்டு. "சாப்பிடப் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டு நானே வேலையை ஆரம்பித்துவிடுவேன்.

என் பிழைப்பு இரண்டு கருவிகளில் ஓடியது. ஒன்று ரிவெர்ப், எங்கள் ஊர்க்காரர்கள் எக்கோ என்று சொல்வது. வறட்டுக் குரலைச் சுற்றி அது ஓர் இடத்தைக் கட்டிக் கொடுக்கும். சமையலறை வேண்டுமென்றால் சமையலறை, மண்டபம் வேண்டுமென்றால் மண்டபம். இன்னொன்று கம்ப்ரஸர். நாம் ஒரு கோடு போட்டுக் கொடுத்தால், அதற்கு மேல் எகிறுகிற சத்தத்தை அது அமுக்கும். எகிறுவது அடங்கிவிட்டால் மொத்தத்தையும் தூக்கி வைக்கலாம், அப்போது முணுமுணுப்புகூட முன்னால் வந்து நிற்கும். புதிதாகக் கம்ப்ரஸர் வாங்கியிருக்கிறோம் என்று வீட்டில் சொன்னபோது நைனா, "எத்தினி சிலிண்டரு?" என்று கேட்டார். நைனா என்றால் என் அப்பா, எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்குத் தெரிந்த கம்ப்ரஸர் பஞ்சர் கடையில் இருப்பது.

நைனா ரூட் பஸ் டிரைவர். செங்கல்பட்டில் எடுத்தால் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கே ஒரு டீ, மறுபடி செங்கல்பட்டு. தொண்ணூறுகள் முடிகிறவரை இதே ரோடுதான். அந்தக் காலத்துப் பஸ்களில் இன்ஜின் டிரைவருக்கு இடப்பக்கத்திலேயே ஒரு மூடிக்குள் உட்கார்ந்து உறுமும். அதனால் இடது காது முதலில் போயிற்று, வலது காது பாதி மிச்சம். வண்டி ஓட்டிய வரைக்கும் எங்களுக்கு இது தெரியவே இல்லை. ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான், கூப்பிட்டால் திரும்பாத மனிதராக அவர் எங்களுக்குத் தெரிந்தார்.

அம்மா கத்த ஆரம்பித்தாள். அம்மாவின் குரல் இயற்கையிலேயே தணிந்த குரல், உலைக்கு அரிசி போட்டுக்கொண்டே தனக்குள் பாடுகிற குரல். அந்தக் குரலில் "சாப்ட வாங்க" என்பது நைனாவைப் போய்ச் சேராது. இரண்டாம் தரம் உரக்க, மூன்றாம் தரம் தெருவில் போகிறவர் நின்று பார்க்கிற அளவுக்கு. "தண்ணி வேணுமா" என்பதையும் கத்தித்தான் கேட்க வேண்டும், "வெயில்ல போவாதீங்க" என்பதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். ஓரிரு வருடத்தில் எங்கள் வீட்டுப் பேச்சு முழுக்கக் கத்தலாகிவிட்டது. நைனா காலையில் கொளவாய் ஏரிக்கரைப் பக்கம் போனால் சாப்பாட்டுக்குத்தான் வருவார். வந்தாலும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

காது பரிசோதனை செய்கிற ஒரு பெண்ணிடம் அவரைக் கூட்டிப் போனோம். பொறுமையான பெண். "இவருக்கு சின்ன சத்தம் உள்ள போறதே இல்ல. ஆனா பெரிய சத்தம் நமக்கு எப்படி இடிக்குதோ அப்படியே இவருக்கும் இடிக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடம் ரொம்ப கொஞ்சம்" என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. தினமும் கம்ப்ரஸர் முன்னால் உட்கார்ந்து நான் செய்வது அதுதானே, உயரத்தை அமுக்கி, பள்ளத்தைத் தூக்கி, நடுவில் இருக்கிற கொஞ்ச இடத்துக்குள் எல்லாவற்றையும் உட்கார வைப்பது. காதுக்கு ஒரு மெஷின் கொடுத்தார்கள். கூடவே அம்மாவிடம், "வலது காதுக்குக் கிட்ட உக்காந்து, சாதாரணமா பேசுங்கம்மா. அது போதும்" என்றும் சொன்னார்கள்.

மெஷினை நைனா சில நாள் போட்டுப் பார்த்தார். "காதுக்குள்ள ஏனம் குண்டான் உருட்டற மாதிரி கீது. ஒரே பேஜாரு" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். அம்மாவோ இரண்டாவது யோசனையைக் கேட்டதிலிருந்தே முகம் சிவந்து போயிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் பொரிந்தாள். "கல்யாண வயசுல பொண்ண வூட்ல வெச்சிகினு, அவரு காதாண்ட போயி ஒட்டிகினு குந்தி நான் பேசணுமா? நல்லா கீதே கதை!" எங்கள் வீடு ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான். அடுத்தவர் பார்க்க அவர் தோளில் தோள் பட உட்கார்ந்ததே இல்லை அம்மா. கல்யாண போட்டோவில்கூட நடுவில் இன்னொரு ஆள் நிற்கலாம். எனவே கத்தல் தொடர்ந்தது.

ஒரு மார்கழிக் காலையில், நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நைனா சொன்னார். "பொங்கல் கழிச்சி நான் படாளம் போயிடறேன். தம்பி வூட்டாண்ட ஒரு ரூம்பு சும்மாதான் கீது. கழனியப் பாத்துகினு அங்கியே இருந்துக்கறேன்."

"ஏன்? இங்க இன்னா கொறச்சல்?" என்று அம்மா கத்தினாள்.

"ஒனக்கும் நிம்மதியா இருக்கும்" என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டே.

அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நான் போனபோது அடுப்பைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். "போவட்டும்டி. நான் பேசறதே அவருக்குப் புடிக்கல போல கீது" என்றாள். படாளம் ஒன்றும் வெளிநாடு இல்லை, ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரம். ஆனால் இந்தப் போக்கில் போனால் நைனா திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது, கோபமும் வந்தது. ஊரார் குரலையெல்லாம் கேட்கிற மாதிரி ஆக்கித் தருகிறவள் நான். என் அம்மாவின் குரலை என் நைனாவிடம் ஒரு தரமாவது ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் அவரை அனுப்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

அன்று மத்தியானம் ரெக்கார்டிங் அறைக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அம்மாவை மைக் முன்னால் நிறுத்தினேன். "நைனாகிட்ட பேசற மாதிரி ஏதாவது பேசும்மா, மிஷினு சரியா கீதான்னு பாக்கணும்" என்று பொய் சொன்னேன். அம்மா தொண்டையைச் செருமினாள், மூச்சை இழுத்தாள், "இன்னாங்க!" என்று ஒரு போடு போட்டாள். மீட்டர் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எம்மா, கத்த வேணாம்மா. அது பக்கத்துலியே கேக்கும்."

"கத்த வேணாமா?" என்றாள், நம்பாமல்.

"வேணாம். நீ எப்பவும் பேசற மாதிரி பேசு."

எப்பவும் பேசுகிற மாதிரி என்றால் எது என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. மைக்கைப் பார்த்தபடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு மெல்ல வந்தது. "இன்னாங்க... நேத்து வாங்கியாந்த கத்திரிக்கா பாதி சொத்தைங்க. பாத்து வாங்கக் கூடாதா... கால் வீக்கம் கொறஞ்சிதா? மாத்திரைய மறந்துடாதீங்க. படாளத்துல ஏரிக்காத்து அடிக்கும், காதோட மப்ளரு கட்டிக்கினு படுங்க..." அதோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பாடச் சொன்னேன். சமையலறையில் பாடுவதையே வெட்கத்தோடு கொஞ்சம் பாடினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் அழுதுகொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை. அந்தக் குரலை நானே கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது.

முதல் தடவை குரலுக்குக் கம்ப்ரஸர் மட்டும் போட்டேன், எக்கோ இல்லை. எனக்கிருந்த எரிச்சலில் எக்கோவே வேண்டாம் என்று விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனாவை மாடிக்குக் கூட்டிவந்து ஹெட்போனை மாட்டினேன். புருவத்தைச் சுருக்கிக் கேட்டார்.

"வார்த்த புரியுதுமா. ஆனா ஸ்டேஷன்ல வண்டி லேட்டுன்னு சொல்லுமே ஒரு பொம்பள, அது மாதிரி கீது. யாரு இது?"

அம்மா என்று நான் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டிய நிலையில் இருந்தால் அது என்ன மிக்ஸிங். ஒரு குரலுக்கு அது பேசுகிற வீடும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். சுவர் வேண்டும், கூரை வேண்டும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் யார் குரலோ ஆகிவிடுகிறது. எக்கோ பத்தலியே என்று என் உயிரை வாங்கியவர்களை அன்றைக்கு மனதுக்குள் கொஞ்சம் மன்னித்தேன்.

உடனே அங்கேயே இரண்டாவதாக, வழக்கம்போல எக்கோவைச் சேர்த்து, குரல் எக்கோ இரண்டையும் ஒன்றாகக் கம்ப்ரஸருக்குள் விட்டேன். அம்மன் பாட்டுக்கு இதுதான் எங்கள் கைப்பக்குவம். பாடுகிறவர் மூச்சு விடுகிற இடத்தில் கம்ப்ரஸர் பிடியைத் தளர்த்தும், எக்கோ குபுகுபுவென்று பொங்கி எழும். வாடிக்கையாளர்கள் சொக்கிப்போவார்கள். நைனாவுக்கோ பொங்கிய எக்கோ அடுத்த வார்த்தையின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கல்யாண மண்டபம் மாதிரி கீது. ஒன்னியும் புரியல. வுடும்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மண்டபத்தில் சொந்தக்காரர்கள் சொல்வதற்கெல்லாம் புரியாமலே தலையாட்டும்போது இருக்குமே, அந்தச் சிரிப்பு. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கி, ஏரிக்கரைப் பக்கமே போனார்.

பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. சி.டி. கொடுக்க வேண்டிய வேலையாக நான் மாமல்லபுரத்துக்குப் பஸ்ஸில் போனேன், நைனாவின் அதே ரூட். எனக்குப் பின் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். இன்ஜின் இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு வேகத்தடைக்காக டிரைவர் ஆக்ஸிலேட்டரை விட்டார். சட்டென்று இரைச்சல் தாழ்ந்து, பின்னாலிருந்த பேச்சு அட்சரம் அட்சரமாகக் கேட்டது. யாரோ ஒருத்தியின் மருமகள் புட்டு செய்த கதை. வண்டி மறுபடி வேகமெடுத்ததும் புட்டு முழுகிப்போயிற்று.

நைனாவின் கால் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் அம்மாவும் அவர் வண்டியிலேயே மாமல்லபுரம் பக்கத்தில் இருக்கும் அம்மாவின் ஊருக்குப் போவோம். இன்ஜின் மூடியை ஒட்டிய முதல் சீட் எங்களுடையது. அத்தனை இரைச்சலிலும் அம்மா தன் சொந்தக் குரலில்தான் பேசுவாள். அவள் வாயைத் திறக்கிறாள் என்று தெரிந்ததும் நைனாவின் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழும்பிவிடும். இன்ஜின் தாழும். அம்மா சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பாள். பிறகு கால் இறங்கும், அதுவும் ஒரேயடியாக இல்லை, வண்டி உதறாமல் கொஞ்சம் கொஞ்சமாக. முகம் மட்டும் ரோட்டைப் பார்த்தபடியே இருக்கும். பின்னாலிருந்து கண்டக்டர், "இன்னா அண்ணாத்த, டீசல் தீந்துபூட்ச்சா?" என்று கத்துவார். என் பெற்றோர் ஒருவரை ஒருவர் எவ்வளவு நேசித்தார்கள் என்பதற்கு என் கண்ணால் பார்த்த அத்தாட்சி அந்தக் கால்தான்.

மாமல்லபுரத்தில் இறங்கி, ஹோட்டலில் சி.டி.யை நீட்டிவிட்டு, கடலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த பஸ்ஸில் செங்கல்பட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் கம்ப்ரஸரின் முதுகில் நாங்கள் உபயோகிக்காத ஒரு துளை இருந்தது. வேறொரு சத்தத்தை அதில் கொடுத்தால், அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் கம்ப்ரஸர் தன்னிடம் இருப்பதை அமுக்கும். நான் குரலையும் எக்கோவையும் தனித்தனியாகப் பிரித்தேன். கம்ப்ரஸருக்குள் எக்கோவை மட்டும் விட்டேன். அந்தத் துளையில் அம்மாவின் குரலைக் கொடுத்தேன். இப்போது அம்மா பேசினால் எக்கோ தணியும், அம்மா நிறுத்தினால் எழும். எவ்வளவு சீக்கிரம் தணிய வேண்டும், எவ்வளவு மெதுவாக எழ வேண்டும் என்பதற்கு இரண்டு திருகுகள். தணிவதைச் சட்டென்று வைத்தேன். எழுவதற்கு நைனாவின் காலை நினைத்துக்கொண்டு வைத்தேன். கொஞ்சம் அவசரப்பட்டாலும் எக்கோ குபுக்கென்று உதறியது, நைனா இருந்தால் கியர் தெரியாதவன் என்று திட்டியிருப்பார். எக்கோவின் அளவையும் மண்டபத்திலிருந்து இறக்கி, எங்கள் வீட்டுச் சமையலறை அளவுக்குக் கொண்டுவந்தேன். குரலுக்குத் தனியாகக் கொஞ்சம் கம்ப்ரஸர், வலது பக்கம் தூக்கலாக. சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரை இறக்குவதற்குள், ஹெட்போனில் அம்மா எங்கள் சமையலறைக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை. வாசற்கதவோரம் நைனாவின் பை தயாராக இருந்தது. வேட்டி மாற்றி, தலை வாரி, பெஞ்சில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையில் அவருக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டிருந்தாள். "நைனா, இன்னும் ஒரே வாட்டி" என்று ஹெட்போனை நீட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கையைக் காட்டினார். நான் கேட்காமல் மாட்டிவிட்டு, கையடக்க சி.டி. பிளேயரை அவர் மடியில் வைத்தேன். சி.டி. சுழல ஆரம்பித்தது.

முதலில் புருவத்தைச் சுருக்கினார். பிறகு செருப்பு வார் கையிலேயே நின்றுவிட்டது. தலையை மெல்லச் சமையலறைப் பக்கம் திருப்பினார், அம்மா அங்கிருந்து பேசுகிறாள் என்று நினைத்துவிட்டார். அங்கே அம்மா வாயைத் திறக்காமல் இலையை மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவும் தன் மடியில் இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தார். கத்திரிக்காய் வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். மப்ளர் வந்த இடத்தில் கையால் காதைத் தொட்டுக்கொண்டார். பாட்டு முடிகிறவரை அசையவில்லை.

"இந்தாம்மே!" என்றார். அம்மா ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தாள்.

"நீ இப்டிதான் பேசறியா?"

"எப்டி?" என்று அம்மா வழக்கம்போல உரக்கக் கேட்டாள்.

"இப்டி. மெதுவா." ஹெட்போனைத் தொட்டுக் காட்டினார். "ஒனக்கு எம்மேல கோவம் இல்லியா?"

"கோவமா? இன்னா கோவம்?"

"வேலைய வுட்டு வந்ததுலேர்ந்து நீ பேசறது எல்லாமே எனக்குத் திட்டற மாதிரிதான் கேக்குது. குந்தறது தப்பு, எழுந்தா தப்புன்னு... நான் வூட்ல இருக்கறதே ஒனக்கு ஆவலன்னு நெனச்சிகினு இருந்தேன். அதான் கெளம்பறேன்னேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்து, கத்துவதற்கு மூச்சை இழுத்து, அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

நைனா ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு என்னிடம் பெட்டியை நீட்டினார். "கண்ணு, மறுபடியும் ஒரு வாட்டி போடு."

அம்மா குனிந்து அவர் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். பெஞ்சில் அவருக்கு வலப்பக்கம், தோளில் தோள் இடிக்க உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டிருந்ததை அவள் பொருட்படுத்தவில்லை.

"அது எதுக்கு?" என்றாள் அவர் காதருகில், சமையலறையில் பாடுகிற குரலில். "நான்தான் இங்க கீறனே."